கணக்கில் புலி நியூயார்க் காவல்துறை

நியூயார்க் காவல்துறையைப் போல எண்ணிக்கையில் அக்கறையுள்ள ஒரு துறையைப் பார்ப்பது அரிது. 1994இல் கமிஷனர் வில்லியம் பிராட்டனும் அவருடைய உதவியாளர் ஜாக் மேப்பிளும் ‘காம்ப்ஸ்டாட்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். தலைமையகத்தில் கூட்டம் கூடும். ஒரு சரகத்தின் அதிகாரி எழுந்து நிற்பார். அவருடைய சரகத்தின் வரைபடமும் குற்றக் கணக்கும் எல்லோர் கண்முன்னும் விரியும். போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை என்று மேலதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பார்கள். பதில் தடுமாறினால் பதவியும் தடுமாறும். என்ன சிரத்தை!

மேலே கேட்ட கேள்வி படிப்படியாகக் கீழே இறங்கியபோது இன்னும் தெளிவாகிவிட்டது. மாதத்துக்கு 20 சம்மன், ஒரு கைது. பிராங்ஸ் பகுதிக் காவலர்கள் நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்ன கணக்கு இது. தெருச் சண்டையைப் பேசியே அடக்கினாரா, வழிதவறிய கிழவியை வீட்டில் கொண்டுபோய் விட்டாரா என்றெல்லாம் ஒரு காவலரை எடைபோட்டு மேலதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 20 இருக்கிறதா, ஒன்று இருக்கிறதா, முடிந்தது. எண்ணிக்கை காட்டாத காவலரைத் தண்டிக்கக் கூடாது என்று 2010இல் மாநிலச் சட்டம் வந்தது. துறை அதற்குக் கட்டுப்பட்டது. கோட்டா கிடையாது என்று அடித்துச் சொன்னது. 2011 அக்டோபரில் வந்த உத்தரவு, ‘செயல்திறன் இலக்கு’ வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும் என்றது. அந்தப் பணிவை மெச்சுகிறேன்.

இந்த உழைப்பின் விளைச்சலைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டில் மட்டும் தெருவில் நிறுத்தி விசாரித்தவை 6,85,724 முறை. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம். அதில் 88 சதவீதம் கைதும் இல்லை, சம்மனும் இல்லை. பாதிக்கு மேற்பட்டோரை உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். ஆயுதம் கிடைத்தது அதில் ஒன்றரை சதவீதத்தில். நூறு பேரைச் சோதித்து, 98 பேருக்கு மேல் ஆயுதமில்லாதவர்கள் என்று உறுதிசெய்து அனுப்பிய பெருமை வேறு யாருக்கு உண்டு? நிறுத்தப்பட்டவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். வேலைக்குப் போகிற பையன் சுவரில் கை வைத்துக் கால் அகட்டி நிற்பான். தெருவே பார்க்கும். ஒன்றும் இல்லை என்றதும் போகச் சொல்வார்கள். அடுத்த வாரமும் அதே சுவர். அவனுடைய அவமானத்துக்கு மட்டும் படிவத்தில் கட்டம் போட மறந்துவிட்டார்கள்.

சம்மனிலும் குறை வைக்கவில்லை. சட்டப்படி போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றங்கள் தள்ளிய சம்மன்கள் மட்டும் சுமார் 9 லட்சம் என்று ஒரு வழக்கு வந்தது. 2017இல் நகரம் 7.5 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. அது வரிப்பணம். சுவரோரம் நின்ற பையனின் வீடும் கட்டிய வரி.

தன் ஆட்கள்மேல் துறைக்கு இருந்த பாசமும் சொல்லத்தக்கது. புரூக்ளின் 81ஆவது சரகத்தில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற காவலர், எண்ணிக்கை கேட்டு மேலதிகாரிகள் நெருக்கியதை ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். குற்றங்களைக் குறைத்து எழுதுகிறார்கள் என்று புகாரும் கொடுத்தார். 2009 அக்டோபர் 31 அன்று உடம்பு சரியில்லை என்று அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போக, மேலதிகாரிகள் வீடு தேடியே வந்தார்கள். அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆறு நாள் வைக்கப்பட்டார். அவர் சொன்னது உண்மைதான் என்று துறையின் உள்விசாரணையே பின்னால் கண்டது. அந்த ஆறு நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2013இல் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், இப்படி நிறுத்திச் சோதித்த விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2017இல் பதிவான நிறுத்தங்கள் 11,629 ஆகச் சுருங்கின. கொலைகளோ, 2011இல் 515 ஆக இருந்தவை, 292 ஆகக் குறைந்தன. பல லட்சம் பேரைச் சுவரோரம் நிறுத்தாமலும் நகரம் பிழைத்தது.

இவ்வளவு எண்ணிப் பழகிய துறையிடம் நகரமன்றம் இன்னும் கொஞ்சம் எண்ணச் சொன்னது. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் சாரம் இதுதான்: நிறுத்திச் சோதிப்பதை மட்டும் பதிந்தால் போதாது, அதற்குக் கீழ்ப்பட்ட விசாரணைகளிலும் யாரை, என்ன வயது, என்ன இனம், என்ன காரணம் என்று குறிக்க வேண்டும். சும்மா பேசுகிற பேச்சுக்கு அது பொருந்தாது. உடனே துறைக்கு எண்ணுவது பாரமாகிவிட்டது. படிவம் நிரப்பவே நேரம் போய்விடும், ரோந்து நின்றுவிடும் என்றார்கள். அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் சட்டத்தை வீட்டோ செய்தார். 22 ஆண்டு காவல்துறையில் இருந்து கேப்டனாக ஓய்வு பெற்றவர். 2013 வழக்கில் துறைக்கு எதிராகச் சாட்சி சொன்னவரும் அவரே. காவலரின் நேரத்தை இத்தனை பொன்னாக மதிக்கும் மேயர் யாருக்குக் கிடைப்பார்?

வீட்டோவை முறியடிக்க வாக்கெடுப்பு நடக்க நாலு நாள் இருக்கும்போது, ஹார்லெமில் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. ஓட்டி வந்தவர் நகரமன்ற உறுப்பினர் யூசுப் சலாம். செய்யாத குற்றத்துக்காக 15 வயதில் கைதாகி ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையில் இருந்தவர், 2002இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர். மன்றத்தின் பொதுப் பாதுகாப்புக் குழுத் தலைவரும் அப்போது அவர்தான். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். காவலர் காரணம் சொல்லாமலே மரியாதையாக வழியனுப்பி வைத்தார். கண்ணாடியின் கறுப்பு அளவு மீறியது என்று துறை பின்னால் விளக்கியது. சட்டம் எதற்கு என்பதை மன்றத்தில் யாரும் இவ்வளவு தெளிவாக வாதாடியிருக்க முடியாது.

2024 ஜனவரி 30 அன்று 42க்கு 9 என்ற கணக்கில் மன்றம் வீட்டோவை முறியடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளிவர வேண்டும். நகரமன்ற உறுப்பினர்களே, அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காரணமில்லாமல் ஒருவரை நிறுத்திய ஒவ்வொரு முறையும் அந்தக் காவலரின் பதவி உயர்வுக் கணக்கில் கழிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள்.