குட்டியானையில் ஒரு பூனை

தூத்துக்குடியில் திரேஸ்புரத்தை விட்டு மில்லர்புரத்துக்குக் குடிபோவது என்று முடிவானபோதுதான், எங்கள் வீட்டில் அதிகச் சாமான் யாருக்கு என்று தெரிந்தது. சூடைக்கு. கையளவு குட்டியாக வந்தபோது அம்மா வைத்த மீன் பெயர் அது. இப்போது பாறை மீன் கணக்காகப் பருத்துக் கிடக்கிறது. பெயரை மாற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை.

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். ஏழு தடவையும் அதற்கு லாரி, கூலி எல்லாம் அதன் வாய்தான். சூடையின் சொத்தைக் கட்டவோ அப்பாவின் பழைய சாரம் ஒன்று முழுசாகத் தேவைப்பட்டது. உள்ளே கிழிந்த வலைத் துண்டு, வலை மிதவை இரண்டு, நெளிந்த அலுமினியத் தட்டு. மீன் வந்த தெர்மாகோல் பெட்டி, அதாவது படுக்கையறை. அப்பா சங்கு குளிக்கப் போன காலத்தில் கொண்டுவந்த சின்னச் சங்கு ஒன்று, உருட்டி விளையாட. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. இல்லையென்றால் முத்தையும் உருட்டியிருக்கும். அப்புறம் ஒரு மக்ரூன் டப்பா. பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது என்று 2005-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சூடைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. டப்பாவின் மூலை முடுக்கெல்லாம் நக்கும். முட்டை வெள்ளைக்கருவின் வாசமாக இருக்கலாம்.

சாரத்தைத் துவைத்துக் கட்டலாம் என்றாள் அம்மா.

“தொவைச்சிராத! வாசம் போச்சுன்னா அதுக்கு வீடு தெரியாது” என்று அப்பா பாய்ந்தார். மாட்டாஸ்பத்திரியில் கேட்டு வந்தாராம். தன் சர்க்கரை மாத்திரைக்கு ஆஸ்பத்திரி போகச் சொன்னால் முழங்கால் வலிக்கும்.

கடைசியாக ஒரு சாக்கு கடற்கரை மணல், கழிப்பறைக்கு. எனக்கு அடிவயிறு கலங்கியது. 2013-இல் கடற்கரைத் தாது மணல் அள்ளத் தடை போட்ட மாவட்டம் இது. வழியில் யாராவது நிறுத்தி, “சாக்குல என்ன?” என்றால், “பூனைக்கு” என்று சொல்லி நம்பவைக்க முடியுமா?

மணல் ஒரு சாக்கில் என்றால் பூனை இன்னொரு சாக்கில். “வழியப் பாத்துச்சுன்னா திரும்பி வந்துரும்” என்று பக்கத்து வீட்டு ஆச்சி தன் கையாலேயே சாக்கின் வாயைக் கட்டினார். குட்டியானை வண்டியின் டிரைவர் அண்ணாச்சி இரண்டு சாக்கையும் பார்த்தார், ஒன்று கத்தியது. “யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்பாங்க. ரெண்டும் ஒண்ணா வந்து இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று வண்டியை எடுத்தார்.

புது வீட்டில் பால் காய்ச்சினோம். பொங்கியதும் முதல் வாய் யாருக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிரச்சினையைச் சூடை தீர்த்துவைத்தது. மூன்றாம் நாள் மாடிப்படி அதனுடையதாகிவிட்டது. ஐந்தாம் நாள் எதிர்வீட்டுத் தயிர்ச்சோற்றுக்கு வாடிக்கை பிடித்துவிட்டது. தெர்மாகோல் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்பா மட்டும் சூடைக்கு மீன் வாங்கத் திரேஸ்புரத்துக்கு விடியற்காலை சைக்கிளை எடுத்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, மீன் ஏது என்றேன். “தடை விசைப்படகுக்குல்லா? திரேஸ்புரத்துல நாட்டுப்படகுலே. போகும், வரும்.” போகிறது, வருகிறது. ஏலம் முடிந்து, டீக்கடையில் நாலு பேரைப் பார்த்து, பத்து மணிக்குக் கால் கிலோ காரலோடு அப்பாவும் வருகிறார்.

“அங்கன உள்ள மீனைத் தின்னு பழகுன வாயி. வாயில்லா ஜீவன், பாவம், இந்த ஊரு அதுக்கு ஒத்துக்கிடல” என்கிறார்.

சூடை ஏப்பம் விட்டுக்கொண்டு அவர் மடியில் ஏறிப் படுக்கிறது. தயிர் வாடை அடிக்கிறது.