மானிட்டர் எந்தத் திசை பார்க்க வேண்டும்? சிக்னல் நிறுவல் பற்றிச் சூரமங்கலம் சார்ந்த ஓர் ஆய்வு

மேசைக் கணினியில் சிக்னல் செயலியை நிறுவச் சொல்லித்தருவோர் எல்லோரும் பதிவிறக்கம், க்யூஆர் கோடு, இணைப்பு என்ற மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கணினி எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. சேலம் ரயில் சந்திப்பு அமைந்த சூரமங்கலத்தின் லாரி புக்கிங் ஆபீஸ்களையும் ஜெராக்ஸ் கடைகளையும் களமாகக் கொள்ளும் இவ்வாய்வு, அந்தரங்கத்தைத் தீர்மானிப்பது மேசை போட்ட திசைதான் என்று நிறுவ முற்படுகிறது.

சிக்னலின் மறையாக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் ட்ரெவர் பெரினும் வகுத்த நெறிமுறை ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி போடுகிறது. 2016 முதல் வாட்ஸ்அப் முழுமையாகச் சார்ந்திருப்பதும் அதையே. ஆனால் பூட்டியதைத் திறந்தால்தானே படிக்க முடியும்? திறக்கும் இடமோ வாசலைப் பார்த்த மானிட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்த எழுத்து இங்கே எதிர் பெஞ்சு வரை தெரிகிறது. 2025 ஜனவரியில் வந்த வசதி, இணைக்கும்போதே பழைய உரையாடல்களையும் கணினிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆக, போன வருஷத்து ரகசியமும் பெஞ்சுக்காரருக்கு வாசிக்கக் கிடைக்கிறது. அதே ஆண்டு மே மாதம், விண்டோஸ் 11-இன் ரீகால் வசதி உரையாடல்களைப் படமெடுக்காதபடி சிக்னல் தடை போட்டது. மைக்ரோசாஃப்டின் கண்ணைக் கட்டியவர்களுக்கு, லோடு கேட்க வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணைக் கட்ட வழி தெரியவில்லை.

மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தச் சுவரில், முதலாளியின் தலைக்கு மேல், கல்லாப்பெட்டியைக் காக்கும் கேமரா இருக்கிறது. கல்லாவைப் பார்க்கும் கண்ணுக்குத் திரை மட்டும் தெரியாமல் போகாது. இங்கே மறைக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு: நாமக்கல் முட்டை விலையையே தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஊரறிய அறிவிக்கிறதே! விலை பகிரங்கம்தான், அதில் யாருக்கு எவ்வளவு மைனஸ், அதாவது கழிவு, என்பதுதான் ரகசியம். மூன்றாவது மறுப்பு சட்டத்தின் துணையோடு வருகிறது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த உத்தரவு, செயலிகளின் இணையப் பதிப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தாமாக வெளியேற வேண்டும் என்றது. அதை மேசைப் பதிப்புக்கும் நீட்டினால் என்ன? நீட்டலாம், எட்டிப் பார்ப்பவருக்கு அரை நிமிஷம் போதும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்ற பழமொழி எதிரியைக் கையெட்டும் தூரத்தில் வைத்தது. மறையாக்க அறிஞர்கள் அவனைக் கம்பிக்குள் தேடினார்கள். சூரமங்கலத்துச் சான்றுகள் பழமொழியின் பக்கமே நிற்கின்றன. ஆகவே நிறுவல் கையேட்டில் க்யூஆர் கோட்டுக்கு முன்பாக ஒரு படி சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது: முதலில் மேசையைத் திருப்புக, அடுத்து கேமராவைத் திருப்புக. இரண்டுக்கும் இடம் போதாத கடைக்காரர், செயலியைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்க.