வித்தியாசம் தெரியுதா?

அவருடைய கிதார் ஆம்பின் பின்பக்கத் தகடு எப்போதும் கழற்றியேதான் கிடக்கும். நான்கு திருகில் இரண்டு தொலைந்து வருடக்கணக்காகிறது. மீதி இரண்டையும் அவர் மாட்டுவதில்லை. எப்படியும் ராத்திரி மறுபடி கழற்ற வேண்டியதுதானே. சுண்டுவிரல் நீளக் கண்ணாடி வால்வு ஒன்றைச் சட்டை நுனியால் பிடித்து, ஒன்பது பின்னும் துளையில் உட்காரும்படி லேசாக ஆட்டி ஆட்டி இறக்குவார். சுவிட்சைப் போட்டுவிட்டு, உள்ளே இழை சிவந்து சூடேற அரை நிமிடம் காத்திருப்பார். பிறகு கிதாரை எடுத்து அதே நான்கு சுரங்களை வாசிப்பார். எத்தனை வருடமானாலும் அதே நான்குதான். ஐந்தாவது சுரத்துக்கு அவர் போய் யாரும் பார்த்ததில்லை. வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, அறையில் யார் இருந்தாலும் அவர்களைப் பார்த்துக் கேட்பார்: “வித்தியாசம் தெரியுதா?”

இந்தக் கேள்விக்குத் தப்பிக்கும் வழி கிடையாது. தெரிகிறது என்று சொன்னால், “எங்கே தெரியுது, மேலேயா கீழேயா?” என்று வாய்மொழித் தேர்வு தொடங்கும். தெரியவில்லை என்றால் பரிதாபப்பட்டு இன்னொரு தடவை வாசிப்பார். இந்தத் தடவை விரலைக் கொஞ்சம் அழுத்தி. அந்த அழுத்து அழுத்தினால் பழைய வால்விலேயே வித்தியாசம் வந்திருக்கும். சரி, வாயே திறக்காமல் இருந்துவிடலாம் என்றாலும் விடமாட்டார். “பாத்தீங்களா, பேச்சே வரல!” ஆக, வித்தியாசம் இருக்கிறது என்பது முன்பே முடிவாகிவிட்டது. நம்மைக் கூப்பிட்டது சாட்சிக் கையெழுத்துக்குத்தான்.

வால்வை மாற்றினால் ஒன்றுமே ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. ப்ரீஆம்பில் உட்காரும் இந்தச் சின்ன வால்வுக்கு அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7 என்று பெயர். ஆர்சிஏ நிறுவனம் 1947-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் அதுவே இசிசி83. அதன் பெருக்க எண் 100. அதே துளையில் பொருந்தக்கூடிய 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு ஏறக்குறைய 44, 12ஏயு7-க்கு 20-க்குள். எண்ணை மாற்றினால் ஆம்ப் மாறத்தான் செய்யும். 44-ஐ வைத்தால் ஒலி உடைந்து கரகரக்கத் தொடங்குவது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். 20-ஐ வைத்தால் ஆம்ப் சாதுவாகிவிடும். இதற்கு ஞானச்செவி வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். 1962-இல் மார்ஷல் கம்பெனி தன் முதல் ஆம்பை ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்தபோது, முதல் துளையில் 12ஏஒய்7-க்குப் பதிலாக இசிசி83 போனது உண்மை. நம்மவர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதே மூச்சில், ஃபெண்டரின் முதுகு திறந்த பெட்டியும் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்களும் போய், மார்ஷலில் மூடிய பெட்டியும் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களும் வந்ததை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், அவர் எண்ணை மாற்றுகிறவரே இல்லை. 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றி இன்னொரு 12ஏஎக்ஸ்7-ஐ மாட்டுகிறவர். பெயர்தான் வேறு. ஒன்று தேன் மாதிரி, மற்றொன்று பட்டு மாதிரி, மூன்றாவதில் மேல் ஸ்தாயியில் சந்தன வாசனை. சமையல் குறிப்புக்கும் துணிக்கடைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது இந்தச் சொல்லகராதி. இதில் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. பெயர்களின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் முல்லார்டு வால்வு செய்த காலம் மலையேறிவிட்டது. இன்று புதுப் பெட்டியில் வரும் முல்லார்டு, ரஷ்யாவின் சராத்தோவ் நகரத்து ஆலையிலிருந்து வருவது. டங்-சோல், ஜெனலெக்ஸ் கோல்டு லயன், சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் என்ற பெயர்களுக்கும் அதே ஆலைதான் தாய்வீடு. நம்மவர் முல்லார்டில் ஆங்கிலேயக் கண்ணியத்தைக் கேட்கிறார், டங்-சோலில் அமெரிக்கத் துணிச்சலைக் கேட்கிறார். இரண்டும் வோல்கா நதிக்கரையில் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. அந்தக் காலமும் ஒன்றும் சுத்தமில்லை. ஒரு கம்பெனி செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயர் அச்சடித்து விற்பது அப்போதே சகஜம். அதனால்தான் விவரமறிந்தவர்கள் பெயரைப் பார்க்காமல், டெலிஃபங்கன் என்றால் அடிக்கண்ணாடியில் பின்களுக்கு நடுவே அச்சான வைர வடிவத்தைத் தேடுகிறார்கள். நம்மவரும் தேடுவார், பூதக்கண்ணாடியோடு. வைரம் கண்ணில் பட்டபிறகுதான் ஒலி நன்றாக இருக்கிறது என்று சொல்வார். படுவதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

“பெயர் கிடக்கட்டும், உள்ளே தகட்டின் நீளம் வேறு, கம்பிவலையின் இடைவெளி வேறு, அப்போது ஒலி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?” என்று அவர் மடக்குவார். நியாயமான கேள்விதான். அமைப்பு மாறினால் வால்வுக்குள் இருக்கும் மின்தேக்கம் மாறும். அது மாறினால் ஒலியின் மேல்பகுதி மாறும். எவ்வளவு மாறும் என்பதல்லவா விஷயம்? வழக்கமான சுற்றில் 12ஏஎக்ஸ்7 சுமார் 60 மடங்கு பெருக்கும். உள்ளே இருக்கும் ஒன்றரைச் சொச்சம் பிக்கோஃபாரட் மின்தேக்கம் அந்தப் பெருக்கத்தால் 100 பிக்கோஃபாரட் போல வேலை செய்யும். வாசலில் இருக்கும் 68 கிலோ ஓம் தடையோடு அது சேர்ந்து, 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போய்த்தான் ஒலியைக் கணிசமாகக் குறைக்கும். கிதார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸ் தாண்டினாலே கடையைக் கட்டிவிடுகிறது. ஆக, முதல் துளையில் அவர் செய்யும் இந்தத் திருத்தத்தை ரசிக்க வேண்டுமானால் வௌவாலாகப் பிறந்திருக்க வேண்டும். வௌவாலுக்கும் அந்த ஸ்பீக்கர் வழியாகக் கேட்காது. பின்னால் வரும் கட்டங்களில் 470 கிலோ ஓம் தடை இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே இதே கணக்கு 3,000, 4,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே மாற்றினால் கொஞ்சம் காதில் விழவும் விழலாம். ஆனால் விலை உயர்ந்த வால்வை முதல் துளையில் அல்லாமல் வேறெங்கும் வைக்க அவருக்கு மனம் வராது, தலைவாழை இலையை ஓரத்தில் போடக்கூடாது என்பது போல.

முதல் துளைக்கு நல்ல வால்வு வேண்டும் என்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அங்கே எழும் இரைச்சலைப் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டமும் பெருக்கும். பழைய நல்ல வால்வுகள் பல அமைதியானவை, தட்டினால் மணி மாதிரி ஒலிக்காதவை. அப்படியென்றால் ‘சத்தமில்லாத வால்வு’ என்று சொல்லி விலை கொடுத்துவிட்டுப் போகலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் அமைதி என்பது அவருக்கு வர்ணிக்கத் தோதான குணமில்லை. தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும் பழுதான வால்வு அவர் கையில் கிடைத்தால், அதற்கு “உயிரோட்டம்” என்று பெயர் வைத்துவிடுவார்.

கடைசியில் காதைச் சாட்சிக்கு இழுப்பார். கணக்கு என்ன சொன்னாலும் காதுக்குத் தெரிகிறதே! தெரியத்தான் செய்யும். ஒரே பெயர், ஒரே ஆலை என்றாலும் இரண்டு வால்வுகளின் பெருக்கம் பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது வழக்கம். ஒலியளவில் அது ஒரு டெசிபெலுக்குச் சற்றுக் குறைவு. சத்தம் கூடியிருக்கிறது என்று உணர முடியாத அளவு, ஆனால் ‘என்னமோ நல்லா இருக்கு’ என்று தோன்றப் போதுமான அளவு. அதோடு, ஒலியின் நுணுக்கம் மனத்தில் சில நொடிகளுக்கு மேல் தங்குவதில்லை. இவரோ சுவிட்சை அணைத்து, சூடான வால்வைப் பிடுங்கி, விரலை ஊதிக்கொண்டு, அடுத்ததைச் செருகி, அது சூடேறக் காத்திருந்து, இரண்டு நிமிடம் கழித்து ஒப்பிடுகிறார். ஒப்பிடுவது வால்வோடு அல்ல, தன் ஞாபகத்தோடு. தீர்த்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது. இன்னொருவர் மாற்றட்டும், எது உள்ளே இருக்கிறதென்று சொல்லாமல் பத்துத் தடவை வாசிக்கட்டும். இதை முன்மொழிந்து பாருங்கள். பரீட்சை என்று வந்தால் காது இறுகிவிடும், ரசனையைத் தராசில் வைக்க முடியாது, சங்கீதம் ஆய்வுக்கூடம் அல்ல என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கும். நம்மைக் கேட்டபோது மட்டும் அது பரீட்சையாகத்தான் இருந்தது.

பிறகு ஏன் வால்வையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்? ஆம்பில் கையால் கழற்றக்கூடியது அது ஒன்றுதான், வேறு காரணமே இல்லை. ஒலியை நிஜமாக மாற்றும் பொருள்கள் அதே சுற்றில் பக்கத்திலேயே இருக்கின்றன. வால்வின் காலடியில் ஃபெண்டர் 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்தது. மார்ஷல் பின்னாளில் சில ஆம்புகளில் அந்த இடத்தில் 0.68 வைத்தது. சில்லறைக் காசுக்கு வரும் அந்தப் பொருள் அடிஒலியைக் குறைத்து, நடுவே ஒரு கடிப்பைக் கொடுத்துவிடும். ஆனால் அதை மாற்ற சால்டரிங் வைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் உள்ளே சில நூறு வோல்ட் பதுங்கியிருக்கும், பார்த்துத் தொட வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும், ஆனால் தூக்க ஆள் வேண்டும். விரலை மாற்றலாம், அதற்குத் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். வால்வோ பிடுங்கினால் வரும், செருகினால் உட்காரும். கதவு திறந்திருக்கிற வீட்டில்தானே திருட்டுப்பழி விழும்! இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டில் செவ்வொளி விட்டு எரியும் ஒரு பொருளிடம் மனிதனுக்கு ஆசை வராமல் இருக்காது. மின்தடையை யாராவது கொஞ்சியிருக்கிறார்களா? ரேடியோவும் டிவியும் வால்வைத் தூக்கி எறிந்தபிறகு உலகில் சில ஆலைகளாவது இன்னும் மூடாமல் இருப்பதற்கு, அரை நிமிடம் பொறுமையாகக் காத்திருக்கும் இவரைப் போன்றவர்களே காரணம். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே ஆலையின் விளக்கு எரிவதில் இவருடைய பங்கும் இருக்கிறது.

அதற்காக மற்றவர்கள் அனுபவிக்க வேண்டுமா? 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி நின்றபோது வால்வு விலை எகிறியது. மூன்றே துளை உள்ள ஆம்புக்கு முப்பது வால்வு வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கியவர்கள் இவர்கள்தான். நிஜமாகவே வால்வு செத்துப்போய், நாளை மறுநாள் கச்சேரி வைத்திருந்தவர்கள் அலைந்தார்கள். ஒத்திகை என்றால் அதுவும் இவருக்குச் சோதனைச்சாலைதான். பாடுகிறவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார், பேஸ்காரர் சுருதி சேர்த்துவிட்டார், அறை வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. பாட்டின் இரண்டாவது வரியில் நம்மவர் கையை உயர்த்தி நிறுத்துவார். மேலே கொஞ்சம் கூசுகிறதாம், ஒரு நிமிடமாம். தகடுதான் ஏற்கெனவே கழற்றிக் கிடக்கிறதே. அட்டைப்பெட்டி திறக்கும், சட்டை நுனி வெளியே வரும், வைரம் தேடப்படும். செருகியதைத் தட்டிப்பார்க்க ஒரு பென்சில் வேண்டும், பென்சில் இல்லை. டிரம்ஸ்காரரிடம் கையை நீட்டி ஒரு குச்சியை வாங்கிக்கொள்வார். அரை நிமிடம், நான்கு சுரம், ஒரு கேள்வி. பிறகு அடுத்த வால்வு. டிரம்ஸ்காரர் மிச்சமிருக்கும் ஒற்றைக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, தெரியுது சார், தெரியுது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.