மாத்திரையும் விசுவாசமும்

கேள்வி: அத்தை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் போதகர், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறார். அத்தையும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுத்துப் பேசினால், 'உனக்கு அன்பில்லை' என்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வாதம் காத்திருக்கும், சர்க்கரை காத்திருக்காது.

பிறகு பைபிளையே திறந்து காட்டுங்கள். லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்ன மருந்து கொஞ்சம் திராட்சரசம். விசுவாசம் போதவில்லை என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. போதகரிடமும் இதைத் தனியாக, நேராகச் சொல்லுங்கள். கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தினால் அத்தை அவர் பக்கம்தான் சாய்வார்.

கடுமையாக மறுத்துக்கொண்டே மதிக்கவும் முடியும். கத்தோலிக்கரான வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளைக் கண்டித்து 'வேத விளக்கம்' எழுதினார். அவர்களும் கத்தோலிக்கக் கொள்கையை விடாமல் எதிர்த்தார்கள். ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி மிஷன் அச்சகம்! கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர்கள், அவருடைய தமிழறிவை மனதார ஏற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த கிறிஸ்தவ வரலாறு இது.

அவர்களுக்கு வாதாட ஆண்டுக்கணக்கில் நேரம் இருந்தது. உங்கள் அத்தைக்கு இல்லை. போதகர் மனம் வருந்தினாலும் சரி, இன்று சாயங்காலமே பேசிவிடுங்கள். போகும்போது டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.