நிறுத்தப் போய் நின்றுபோன ஜாகுவார்

1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது, ஓட்டிப் பார்க்க அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்கு, இன்னொரு காரை உடனே கொண்டு வரும்படி உத்தரவு பறந்தது. மனிதர் ராவோடு ராவாக ஓட்டிவந்து மறுநாள் காலை ஜெனீவாவில் இறங்கினார். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கார் அது. எவ்வளவு வேகமாகப் போகும் என்றுதான் ஊர் கேட்டது. எப்படி நிற்கும் என்ற கேள்வி, காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்குத்தான் வந்தது.

இத்தனைக்கும் அதன் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். டிஸ்க் பிரேக்கின் அருமையை உலகத்துக்குக் காட்டியதே ஜாகுவார்தான் என்றால் மிகையில்லை. டிரம் பிரேக்கில் ஒரு பிறவிக் குணம் உண்டு: மிதிக்க மிதிக்கச் சூடாகும், சூடேறிய டிரம் விரிந்து உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். எப்போது பிரேக் மிக அவசியமோ அப்போது பார்த்து அது நகர்ந்துகொள்ளும். டிஸ்க் அப்படியல்ல, திறந்த வெளியில் காற்று வாங்கிக்கொண்டே சுழலும், சூட்டில் தடித்தாலும், தன்னை இரு பக்கமும் கவ்வும் பேடை நோக்கித்தான் தடிக்கும். டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாகுவார் இதைத் தன் சி-டைப் பந்தயக் காரில் பூட்டியது. 1952-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் அதை ஓட்டி ஜெயித்தார். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்ட்டனும் சி-டைப்பில் வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரம் முன்பே பிரேக்கில் கால் வைக்க, இவர்கள் இன்னும் ஆக்சிலரேட்டரில் இருந்தார்கள்.

1955-இல் லெ மானுக்கு வந்த மெர்சிடிஸ், டிரம் பிரேக்கை விட மனமில்லாமல், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகையை நிமிர்த்திக் காற்றில் முட்டவிட்டு வேகத்தைக் குறைக்கப் பார்த்தது. (அந்த ஆண்டுப் போட்டி 80-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது, அந்தப் பக்கம் நகைச்சுவைக்கு இடமில்லை.)

அப்பேர்ப்பட்ட ஜாகுவார் வீட்டில் பிறந்த இ-டைப்புக்கு என்ன குறை? முதலில் வந்த 3.8 லிட்டர் வண்டிகளில், துருத்தி போலச் சுருங்கும் ஒரு பூஸ்டரை பெடலோடு கோத்திருந்தார்கள். உதவிக்கு வைத்த அது அவ்வளவாக உதவவில்லை. 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது பூஸ்டரையும் மாற்றினார்கள். 1968-இல் இரண்டாம் வரிசை வண்டிக்கு, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரையும் மாற்றினார்கள். ஆக, பிரேக்கை மேம்படுத்தும் வேலையைத் தொடங்கிவைத்ததே கம்பெனிதான். இன்றைய உரிமையாளர்கள் அந்தத் திருப்பணியைத் தொடர்கிறார்கள், அவ்வளவே.

தொடர்பவர் பெரும்பாலும் இங்கிலாந்தில் எங்கோ ஒரு கிராமத்துக் கராஜில் இருக்கும் ஓய்வுபெற்ற மனிதர். முன் சக்கரத்துக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் வாங்குகிறார். “ஒரு சனிக்கிழமை வேலை” என்று மனைவியிடம் சொல்கிறார். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தனாகிப்போன சாமியாரின் பாதையில் அவர் எடுத்துவைக்கும் முதல் அடி அது.

புதுக் காலிப்பர் பெருத்தது. கம்பிச் சக்கரத்தின் உட்புறம் உரசுகிறது. சக்கரத்தை மாற்றுகிறார். பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக பிரேக் ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு அனுப்பாது, பெடல் தரையைத் தேடிப் போகிறது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் வருகிறது. இப்போது பெடல் கல்லாகிவிட்டது, மிதிக்கத் தொடை வலிக்கிறது. பூஸ்டர் வருகிறது.

முன்பக்கம் இப்படி மினுங்கும்போது பின்பக்கத்தை எப்படிச் சும்மா விடுவது? இங்கேதான் இ-டைப் தன் சுயரூபத்தைக் காட்டும். அதன் பின் டிஸ்க்குகள் சக்கரத்தின் அருகே இல்லை. நட்டநடுவில் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. சக்கரத்தோடு குதிக்கும் எடை குறையும் என்பது கணக்கு. சவாரி சுகத்துக்கு அது நல்ல கணக்குத்தான். ஆனால் அங்கே காற்று போகாது. டிஸ்க்கின் சூடு பக்கத்திலுள்ள ஆயில் சீலை வேகவைக்கும். வெந்த சீல் கசிந்து டிஸ்க்குக்கே எண்ணெய்க் காப்பு நடத்தும். பேடை மாற்றுவதென்றால் அடியில் படுத்துக் கையை நுழைத்து, மனைவிக்குக் கேட்காத தொனியில் நாலு வார்த்தை பேசிச் சமாளிக்கலாம். டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் சைலன்சர் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியலும் அடங்கிய இரும்புக் கூட்டை முழுசாகத் தரையில் இறக்க வேண்டும். இறக்கியபின் ரப்பர்களைப் பார்க்கிறார், வெடித்திருக்கின்றன. பேரிங்குகளைச் சுற்றிப் பார்க்கிறார், கரகரக்கின்றன. பாடியின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கிறார். அது மறுபக்கம் போகிறது.

மாதங்கள் கழித்துக் கூடு மேலே ஏறியதும், பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ படலம். மனைவி உள்ளே பெடலில், அவர் கீழே நிப்பிளில். “மிதி.” “மிதிச்சாச்சு.” “பிடிச்சுக்கோ.” “பிடிச்சிருக்கேன்.” “விட்டுட்டியா?” “நீங்கதானே விடச் சொன்னீங்க?” எந்த நாட்டில், எந்த மொழியில் ஏர் எடுத்தாலும் உரையாடல் இதேதான். ஊற்றும் ஆயிலும் லேசுப்பட்டதல்ல: சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4 ஆயில், ஈரம் ஏறினால் 155-இலேயே கொதிக்கக்கூடும். தவிர, ஒரு சொட்டு சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும். இ-டைப்பின் பானெட்டோ காரில் ஏறக்குறைய பாதி நீளம். குறி தவறவே தவறாது.

இதே பிரேக் நோய்க்கு மலிவான மருந்து கண்டவர்கள் அமெரிக்காவின் டட்சன் 240இசட் பிரியர்கள். 1970-களின் அந்த அழகிய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டொயோட்டா பிக்கப் டிரக்கின் நான்கு பிஸ்டன் காலிப்பர், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டால், அதில் கச்சிதமாக உட்காரும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மண் மூட்டை சுமக்கும் வண்டியின் பாகம் பந்தய அழகியின் காலில்! போட்டிக் கம்பெனிகளை உட்காரவைத்துச் சம்பந்தம் பேசிய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், காரை உண்மையில் நிறுத்துவது டயர். பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால், எத்தனை பிஸ்டன் வைத்தாலும் ஒருமுறை நிற்கும் தூரம் அதிகம் குறையாது. மலைப்பாதையில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்கத்தான் பெரிய பிரேக் பயன்படும். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே பந்தயத்துக்குப் போகிறவர் கேட்பதில் நியாயமுண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் டீக்கடைவரை 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்வருகிறவருக்கு நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் போதும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை; டயரைப் பளபளக்கத் தேய்த்துக் காட்ட முடியாதே.

கழற்றிய பழைய காலிப்பர்கள் துணியில் சுற்றிப் பரணுக்குப் போகின்றன. காரை விற்கும்போது “ஒரிஜினல் பாகங்கள் உடன் தரப்படும்” என்று விளம்பரத்தில் போட்டால் விலை கூடும். வாங்குகிறவர் கண்காட்சிப் பரிசுக்கு ஆசைப்படுகிறவராக இருந்தால், முதல் வேலையாக அவற்றையே திரும்பப் பூட்டச் சொல்வார். இரும்புக் கூடு மறுபடி தரைக்கு இறங்கும்.