ஏறத் தெரியும், எழுதித் தரணுமா?

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர். தெருவுக்கொரு பள்ளி; எதற்கும் சான்றிதழ் உண்டு. மலையேறக் கற்றுக்கொடுக்கச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் டார்ஜிலிங்குக்கோ உத்தரகாசிக்கோ ரயிலேற வேண்டும். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். அதில் ‘ஏ’ தரம் வாங்கினால் மேல்நிலைப் பயிற்சி. அதிலும் ‘ஏ’ வாங்கினால்தான் பயிற்றுநர் படிப்பு. எல்லாம் முடித்து வந்து, காசு வாங்காமல் ஊர்ப் பையன்களைப் பொதிகைக்குக் கூட்டிப்போனால், வனத்துறை அனுமதி எங்கே என்பார்கள். கேட்கட்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் கொண்டுபோன பிறகு அந்தக் கேள்வியைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

கேலி காகிதத்தின் மேல்தான். 1954இல் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது களப்பயிற்சி இயக்குநர், எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நோர்கே. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்றைக்கென்றால் விண்ணப்பப் படிவத்திலேயே வழுக்கி விழுந்திருப்பார்.

நம்ம பனையேறியைப் பாருங்கள். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். காலையும் மாலையும் அதே மரம், கயிறுமில்லை, தலைக்கவசமுமில்லை. பயிற்றுநர் அப்பாதான், அதுவும் சம்பளமில்லாமல். தேர்வு ஒரே தாள். தோற்றவர் மறுதேர்வுக்கு வருவதில்லை.

அவருக்கும் அரசு ஓர் அட்டை கொடுத்திருக்கிறது, பனைமரத் தொழிலாளர் நல வாரிய அட்டை. ஏறத் தெரியும் என்பதற்கல்ல. விழுந்தால் நிவாரணம் கேட்பதற்கு.