குரங்கு போய் கரடி வந்தது

கேள்வி: எதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்கிறேனோ, அதுதான் முதலில் வந்து நிற்கிறது. ஏன் சார்?

பதில்: பழைய கதையில் குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியர் கெட்டிக்காரர். பலிக்காவிட்டால் பழி நோயாளிக்கு! அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியைப் பிடித்தார் (கரடி உபயம்: ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி). 'மனதில் ஓடுவதை 5 நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கரடியை மட்டும் நினைக்காதீர்கள். நினைத்தால் மணியடியுங்கள்' என்றார் மாணவர்களிடம். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே மணி அடித்தது. பிறகு 'இனி தாராளமாக நினைக்கலாம்' என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

வெக்னர் பின்னால் சொன்ன விளக்கம்: மனதின் ஒரு பகுதி வேறு சிந்தனை தேடி அலைகிறது. இன்னொன்று கரடி வருகிறதா என்று வாசலில் காவல் நிற்கிறது. காவல்காரர் ஆளை அடையாளம் காண, கரடியின் போட்டோவைக் கையிலேயே வைத்திருக்க வேண்டுமே! நாம் களைத்தால் அலைகிறவர் படுத்துவிடுவார். காவல்காரர் தூங்க மாட்டார்.

கரடி வந்தால் சிவப்பு ஃபோக்ஸ்வாகன் காரை நினைக்கச் சொன்னபோது, பிற்பாடு வரும் படையெடுப்பு குறைந்ததாம். நீங்களும் முயலலாம். நினைக்கிற காருக்குத் தவணை கிடையாது.